கிடா தின்ற யானை

என் யானையை ஒரு கிடா தின்றுவிட்டது. இதை நான் சொல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லும்போது நான் சரியான கோமாளியாகத் தெரிவேன். நானே சொன்னாலும் கோமாளிதான். ஆனால் அந்த யானை எவ்வளவு அழகாக இருந்தது என்பதை அவர்கள் யாரும் சொல்வதில்லை. அதற்காகவாவது நான் சொல்லியாக வேண்டும்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற யானை. கம்பளி நூலில் என் கையால் பின்னியது. காது இரண்டும் ஓலை விசிறி மாதிரி விரிந்திருக்கும். தும்பிக்கையின் நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். (அது தானாக வளைந்தது. கேட்டவர்களிடம் நான்தான் வளைத்தேன் என்று சொல்லிவிட்டேன்.)

நான் கோவில்பட்டியில் மருந்தடிக்கிற மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். பருத்திக்கும் உளுந்துக்கும் மருந்து தெளிக்க முதுகில் மாட்டிக்கொண்டு போவார்களே, அந்த மெஷின். மழை பெய்து காடு பச்சை கட்டினால் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் நானும் பக்கத்து டீக்கடை சண்முக அண்ணாச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் என் தங்கை செல்வி போன் பண்ணினாள்.

செல்வியைப் புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மகள் யாழினிக்கு ஒரு வயது நிறையப் போகிறது. குலசாமி கோயிலில் மொட்டை போட்டு, காது குத்தி, கிடா வெட்டி விருந்து வைக்க நாள் குறித்துவிட்டார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமன் சீர்த்தட்டு கொண்டுபோக வேண்டும். யாழினிக்கு நான் ஒருவன்தான் மாமன். எனக்குத் துணைக்கும் ஆள் இல்லை, போட்டிக்கும் ஆள் இல்லை.

"அண்ணே, தோடு, பட்டுப்பாவாடை எல்லாம் எல்லா மாமனும் கொண்டாரதுதான். பாப்பா கையில புடிச்சி வெளையாடுத மாதிரி ஒண்ணு வேணும். போன்ல படம் அனுப்பிருக்கேன், பாரு" என்றாள்.

படத்தில் ஒரு குட்டிக் கம்பளி யானை.

"இது எங்க கெடைக்கும்?"

"இங்கன எங்க கெடைக்கி. வெளிநாட்டுக்காரவிய கையால பின்னுததாம்."

எனக்குச் சுருக்கென்றது. "அவியளுக்கு மட்டும் ஆறு வெரலா இருக்கு? நானே பின்னுதேன் போ" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், எனக்குச் சட்டைப் பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

அதோடு விட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். செல்வி இதைத் தன் மாமியாரிடம் சொல்லிவிட்டாள். மாமியார் பேச்சியம்மாள், எனக்கு அத்தை முறை. அப்பா இல்லாத எங்கள் வீட்டிலிருந்து போன பெண் செல்வி. கல்யாணத்தில் நாங்கள் செய்தது குறைவு என்று அத்தை ஜாடையாகச் சொல்லாத பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை. யானை என்றதும் அவர் சிரித்தாராம்.

"ஆம்பள நூல் பின்னுவானாக்கும்? கடையில வாங்கிட்டு பின்னுனேன்னு சொல்லுவான்."

செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கண்ணன் சொன்னாச் செய்வான். மொதத் தட்டுல அந்த ஆனைதான் வரும். வரலைன்னா இனிமே எங்க வீட்டப் பத்தி நான் வாயத் தெறக்கல" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு மறுபடி எனக்குப் போன் பண்ணினாள். இந்தத் தடவை குரல் கம்மியிருந்தது.

"அண்ணே, வாய விட்டுட்டேன். மானத்த வாங்கிராத."

அன்றைக்குச் சாயங்காலமே கம்பளி நூல் தேடிக் கிளம்பினேன். வெயிலுக்குப் பேர் போன ஊரில் கம்பளி நூல் கேட்டவனைக் கடைக்காரர்கள் மேலும் கீழும் பார்த்தார்கள். ஒரு கடையில் ரோஸ் இருந்தது, இன்னொன்றில் கிளிப்பச்சை. சாம்பல் நிறம் எங்கேயும் இல்லை. கடைசியில் என் தகரப்பெட்டிக்குள்ளேயே கிடைத்தது. எப்போதோ கொடைக்கானல் டூர் போனபோது வாங்கி, ஒரே ஒரு ராத்திரி போட்ட மங்கி கேப். அதைப் பிரித்து, அலசி, காயப்போட்டு உருண்டையாகச் சுற்றிக்கொண்டேன். பின்னுகிற ஊசிக்குப் பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பி இரண்டை வெட்டி, முனையை அரத்தால் ராவி, மணல்தாள் போட்டு வழவழப்பாக்கினேன். மெஷின்காரனுக்கு ஊசி செய்வதா கஷ்டம்.

பின்னுவதுதான் கஷ்டம். போனில் ஒரு வீடியோ கிடைத்தது. அதில் ஒரு அம்மாவின் இரண்டு கைகள் மட்டும் தெரியும். பேசுகிற பாஷையில் ஒரு வார்த்தை புரியாது. அந்தக் கைகளுக்குப் பின்னால் ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருக்கும். இங்கே நான் பனியனோடு, தகரக் கூரைக்கு அடியில், வியர்வையில் நூல் விரலோடு ஒட்டிக்கொள்ளப் போராடிக்கொண்டிருப்பேன். உள்ளங்கையில் முகப்பவுடரைக் கொட்டிக்கொண்டால் நூல் வழுக்கும் என்பது என் கண்டுபிடிப்பு. கிரீஸ் கையோடு பின்னக்கூடாது என்பதும் என் கண்டுபிடிப்புதான், ஆனால் அதற்குள் ஒரு கால் கறுத்துவிட்டது.

ஒரு வரிசை முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கண்ணி எண்ணிக்கை போய்விடும். ஓட்டப்பிடாரத்துக்காரர் ஒருவர் ஒழுகுகிற மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். நான் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவர் சண்முக அண்ணாச்சியிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

"தம்பி ஏதும் விரதமா? மந்திரம் சொல்லுத மாதிரி இருக்கு."

"ஆமா, ஆனை மந்திரம். உக்காருங்க, டீ தாரேன்" என்றார் அண்ணாச்சி.

முதலில் பின்னியதைக் கையில் வாங்கிப் பார்த்தவரும் அவர்தான்.

"என்னடே இது, பெருச்சாளியா?"

"ஆனை, அண்ணாச்சி."

"தும்பிக்கைய எங்க?"

"நாளைக்கு வரும்."

"அப்ப இன்னைக்குப் பெருச்சாளிதான்."

பிரித்தேன். மறுபடி பின்னினேன். மறுபடியும் பிரித்தேன். மங்கி கேப் நூல் நைந்து போகுமோ என்று பயம் வந்த சமயத்தில் தும்பிக்கை உருண்டு திரண்டு வந்தது. அந்தத் தும்பிக்கையைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணி ஒவ்வொன்றும் கம்மங்கதிரில் மணி அடுக்கியது மாதிரி இடைவெளி இல்லாமல் இருந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் பழையபடி சுருங்கி வளைந்துகொண்டது. கண்ணுக்கு மெஷினில் போடுகிற கறுப்பு ரப்பர் வாஷர் இரண்டைப் பொடியாக வெட்டி வைத்து இறுக்கித் தைத்தேன். தைத்ததும் அது என்னைப் பார்த்தது. சத்தியமாகப் பார்த்தது.

இனி உள்ளே திணிக்கப் பஞ்சு வேண்டும். மருந்துக் கடையில் சுருள் பஞ்சு விற்கிறார்கள், வாங்கிக்கோ என்று அண்ணாச்சி சொன்னார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கரிசல் காட்டில் பிறந்துவிட்டுப் பஞ்சை விலைக்கு வாங்குவதா? வீட்டில் விலை படியாமல் கிடந்த பருத்தி மூட்டையைப் பிரித்தேன். காட்டில் எடுத்தபடியே, விதையோடு இருக்கிற பருத்தி. அம்மா அரிசி களைந்துகொண்டே பார்த்தாள்.

"ஏலே சீனி, கொட்டைய எடுத்துட்டு வைலே."

"கொட்டை இருந்தாத்தாம்மா கனம் இருக்கும். ஆனை விழாம நிக்கும்."

நின்றது. தரையில் நான்கு காலையும் ஊன்றி ஜம்மென்று நின்றது. மாட்டுக்கு நாள் தவறாமல் பருத்திக்கொட்டை ஆட்டி வைத்து வளர்ந்த கை என் கை. ஆடு மாடு எந்தத் தீனிக்கு எப்படிப் பறக்கும் என்று தெரியாத வீட்டில் நான் பிறக்கவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யானை நிற்கிறது என்கிற கர்வம் கண்ணை மறைத்துவிட்டது. வயிற்றுப்பக்கம் மட்டும் கிளம்புகிற அவசரத்தில் நான்கு தையல் ஓட்டி மூடினேன்.

கோயில் ஊருக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில். வேனை விட்டு இறங்கி சீர்த்தட்டுகளோடு நடந்தோம். முதல் தட்டைப் பெண்கள்தான் எடுப்பார்கள். நான் யாரிடமும் கொடுக்கவில்லை. வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் யானையை நிறுத்தி நானே சுமந்து போனேன். குலவை போட்டார்கள். பேச்சியம்மாள் அத்தை நேராக வந்து யானையைத் தூக்கினார். திருப்பிப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். (கடைச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று தேடினார் என்பது எனக்குத் தெரியும்.) அப்புறம் வயிற்றை அமுக்கினார்.

"என்ன இது, நறநறங்கு?"

"பருத்தி, அத்தை. நம்ம காட்டுப் பருத்தி."

"கால் ஏன் ஒண்ணு கறுப்பா இருக்கு?"

"மெஷின் பாக்குத கையில்லா, அத்தை."

அதற்கு மேல் அவருக்குக் கேள்வி இல்லை. யானையைத் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்தார். அத்தையின் வாயிலிருந்து குறை வரவில்லை என்றால் அது பதக்கம் வாங்கியதற்குச் சமம். நான் செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். தட்டு ஜமுக்காளத்தில் இருந்தால் பெண்கள் மட்டும்தான் பார்ப்பார்கள். சாமி முன்னால் வைத்தால் ஊரே பார்க்குமே என்று ஒரு நப்பாசை. யானையைக் கொண்டுபோய்ப் பீடத்துப் படியில் நிறுத்தினேன். பக்கத்தில் மாலையும் கழுத்துமாகக் கிடா நின்றது. பாப்பா பிறந்தபோதே நேர்ந்துவிட்டு அத்தை வீட்டில் வளர்த்த கிடா. விடியற்காலையிலிருந்து பட்டினி. அது மூக்கை நீட்டி யானையை மோந்து பார்த்தது.

"பாத்தியளா, கிடாவே ஏமாந்துட்டு. நெச ஆனைன்னு நெனைக்கி" என்று சுற்றி நின்றவர்களிடம் பெருமையாகச் சொன்னேன்.

சொல்லி வாயை மூடவில்லை, யானையின் முன்பாதி கிடாவின் வாய்க்குள் இருந்தது. நான் பாய்ந்து பின்னங்கால்களைப் பிடித்தேன். அது இழுத்தது; நானும் இழுத்தேன். மாமனுக்கும் கிடாவுக்கும் நடுவில் யானை முழம் நீளத்துக்கு நீண்டது, ஒரு கண்ணி அறவில்லை. (அந்த நிலைமையிலும் இதை நான் கவனித்தேன்.) அறுந்தது அந்த நான்கு தையல். வயிறு பிளந்து பருத்தி கொட்டியது. கொட்டையைக் கண்ட கிடா அதற்கப்புறம் எதையும் மிச்சம் வைக்கவில்லை. என் கையில் இருந்த காலையும் சேர்த்துப் பிடுங்கித் தின்றது. ரப்பர் கண்கள் இரண்டை மட்டும் துப்பியது.

கடைசியில் அதன் வாயோரத்தில் தும்பிக்கை தொங்கியது. "கிடாவுக்குத் தும்பிக்கை மொளைச்சிட்டு" என்று பிள்ளைகள் குதித்தார்கள். நான் தும்பிக்கையைப் பிடித்து இழுத்தேன். முழுசாக வந்துவிட்டது.

அதற்குள் பூசாரி மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்துவிட்டார். எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஒரு வழக்கம் உண்டு. கிடாவின் தலையிலும் முதுகிலும் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிலுப்பாமல் அரிவாள் எடுக்க மாட்டார்கள். பூசாரி ஊற்றினார். கிடா சிலுப்பவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தது. மறுபடி ஊற்றினார். தண்ணீர் காது வழியாக வடிந்தது. அது மென்றுகொண்டே இருந்தது. இன்னொரு செம்பும் ஊற்றினார். ஜென்மத்தில் இப்படி ஒரு தீனி தின்றதில்லை என்கிற நிம்மதி அதன் முகத்தில்.

பூசாரி செம்பைக் கீழே வைத்தார்.

"பேச்சியக்கா, சாமி உத்தரவு குடுக்கலையே. என்னமும் கொற இருக்கா?"

"மாமன் சீரு சீரழிஞ்சி போச்சுல்லா, அதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் ஈரத் தும்பிக்கை. அரிவாளும் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் என்னைப் பயமுறுத்தியது அதெல்லாம் இல்லை. சற்று முன்னால் அவ்வளவு நிமிர்ந்து நின்ற செல்வி, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டாள். அந்த நிமிஷம் கிடாவுக்குப் பதிலாக நானே சிலுப்பிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அத்தை கிடாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் பக்கத்துச் சொந்தங்கள் திரண்டு நிற்பதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். குறை என்று வந்துவிட்டால் அது மருமகள் வீட்டோடு நிற்காது, தன் வீட்டுக் குலசாமிக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பதை அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகினார்.

"கொறையாவது ஒண்ணாவது. இந்தச் சாமி இதுவரைக்கும் எத்தன கிடா பாத்திருக்கும். ஆனை பாத்திருக்குமா? ஆனைய வாங்கின பொறவு கிடா எதுக்குன்னு நிக்கி. எம் மருமவ வீட்டுச் சீர சாமியே கேட்டு வாங்கிக்கிட்டு. வேற எந்த வீட்டுச் சீர வாங்கிருக்கு, சொல்லுங்க. கிடாவ அவுத்து விடுங்க."

பூசாரி கொஞ்சம் யோசித்தார். (கிடாத்தலை அவருக்குத்தான் போகும், அந்த வருத்தம் இருக்கத்தானே செய்யும்.) பிறகு கயிற்றை அவிழ்த்தார். அவிழ்த்த மறுகணம் கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது. எல்லார் சட்டையிலும் மஞ்சள் தண்ணீர்.

"சிலுப்பிட்டு, சிலுப்பிட்டு" என்று ஆட்கள் அரிவாள் பக்கம் திரும்பினார்கள்.

"இப்பம் சிலுப்புனா கணக்கில்ல" என்றார் அத்தை.

செல்வி தலையைத் தூக்கினாள். 'எம் மருமவ வீட்டுச் சீரு' என்று அத்தை ஊர் கேட்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் நிச்சயமாக அழுதேன், மஞ்சள் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

யாழினியை என் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதாள். தும்பிக்கையைக் குடத்துத் தண்ணீரில் நன்றாக அலசி அவள் கையில் கொடுத்தேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுகை நின்றது என்று சொன்னால் பொய், குறைந்தது. சாப்பாட்டுப் பந்தியில்தான் எனக்குத் தண்டனை. கறிக்கென்று அரைத்து வைத்த மசாலாவில் கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் மிதந்தன. கிடாக்கறிக்காகக் கடம்பூரிலிருந்து பஸ் மாறி வந்திருந்த ஒரு பெரியப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு கத்தரிக்காயை மென்றார். செல்வியின் வீட்டுக்காரர் சாது, அவர்கூட என் இலைப்பக்கம் குனிந்து, "மச்சான், ஒரு கோழியப் பின்னிருக்கப்பிடாதா? கோழியோட போயிருக்கும், கிடா நமக்கு மிஞ்சிருக்குமே" என்றார்.

இரண்டு நாள் கழித்து அத்தை போன் பண்ணினார். கிடாவின் புழுக்கையில் சாம்பல் நூல் வருகிறதாம். நூல் கெட்டியாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். அந்தப் பாராட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது யாழினி ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். தும்பிக்கை அவள் பென்சில் டப்பாவில் இருக்கிறது, ஒரு கண்ணி பிரியவில்லை. கிடா சாமி கிடாவாக ஊரில் கொழுத்துத் திரிகிறது. அதன் பெயர் ஆனை. பள்ளிக்கூடத்தில் யானை வரையச் சொன்னபோது யாழினி கொம்பு வைத்து வரைந்திருக்கிறாள். டீச்சர் கேட்டதற்கு, எங்க மாமா ஆனைக்குக் கொம்பு உண்டு என்று சொல்லியிருக்கிறாள். சொந்தத்தில் யார் வீட்டில் கிடா வெட்டு என்றாலும் பந்தலில் நுழையும்போதே என் பையை வாங்கித் திறந்து பார்க்கிறார்கள். செல்வியின் ஊர்க்காரர்கள் மருந்தடிக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தால், "அண்ணாச்சி, ஒங்க ஆனை நேத்து எங்க கம்பங்காட்டுல எறங்கிட்டு" என்று புகார் சொல்லிவிட்டுத்தான் வந்த வேலையைச் சொல்கிறார்கள். நானும் பொறுப்புள்ள சொந்தக்காரனாக, கூலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் செல்விக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது, பையன். அவனுக்கும் ஒரு கிடாக்குட்டியை நேர்ந்துவிட்டார்கள். பிள்ளை பார்க்கப் போயிருந்தபோது அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மருமவனே, இவனுக்கும் மொதத் தட்டுல ஆனை வந்துரணும். ஆனா இந்தத் தடவ கொட்டைய எடுத்துட்டுத் திணிங்க. இந்தக் கிடாவையாவது நாங்க திங்கணும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு காதும் தும்பிக்கையும் முடிந்துவிட்டன, போன யானையைவிட இது இன்னும் அழகு. திணிக்கப் பருத்தியும் எடுத்து வைத்திருக்கிறேன், கொட்டையை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. நேற்றுச் செல்வி அந்தக் கிடாக்குட்டியின் படத்தை அனுப்பியிருந்தாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நல்ல முகம்.